கோயில் யாருடைய வீடு? ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

கோயில் என்ற சொல்லைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் சுற்றி வருகிறது. 'கோ என்றால் பசு, அதனால் பசு வாழும் இடம்' என்பார் ஒருவர். 'கோவில் என்பதே சரி, கோயில் கொச்சை' என்பார் இன்னொருவர். 'ஆலயம் என்றால் ஆன்மா லயிக்கும் இடம்' என்ற வரி வாழ்த்துச் செய்திகளில் தவறாமல் வருகிறது. இவற்றில் சில பாதி உண்மை, சில முழுத் தவறு.

இதனால் நேரும் பெரிய இடர் வேறு. சங்கப் பாட்டிலோ சோழர் கல்வெட்டிலோ 'கோயில்' என்று படித்ததும், அங்கே ஒரு கருவறையும் தீபமும் இருந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பல இடங்களில் அங்கே இருந்தது அரசனும் அவன் குடும்பமும்தான். சொல்லை அடியிலிருந்து பார்த்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

சொல்லைப் பிரித்தால்

கோயில் = கோ + இல். இரண்டும் தமிழ்ச் சொற்கள்.

'இல்' என்றால் வீடு, இருப்பிடம். இல்லம், இல்லாள், இல்லறம் எல்லாம் இதிலிருந்து வந்தவை. வாசலைக் குறிக்கும் 'வாயில்' என்ற சொல்லிலும் இந்த இல் இருக்கிறது. இல்லின் வாய், அதாவது வீட்டின் வாய் என்பதை முன்பின்னாக மாற்றி வாயில் என்கிறோம்.

'கோ' என்றால் அரசன், தலைவன். கோமகன், கோமான், கோப்பெருஞ்சோழன், இளங்கோ என்ற பெயர்களில் இருப்பது இதுவே. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் பட்டம் 'கோப்பரகேசரி' என்றோ 'கோவிராசகேசரி' என்றோ வரும். அங்கே முன்னால் நிற்பதும் இந்தக் கோதான். செங்கோலை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது செம்மை + கோல்.

பசு எப்படி உள்ளே வந்தது? வடமொழியில் பசுவுக்கு ஒரு 'கோ' உண்டு. கோசாலை, கோதானம், கோமியம் எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. தமிழ் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே 'க' என்பதால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கோயில்' என்னும்போது முதல் எழுத்து அழுத்தமாக விழும். 'கோசாலை' என்னும்போது தொண்டை அதிர்ந்து மெலிதாக வரும். பசுவுக்குத் தமிழ்ச் சொல் 'ஆ'.

ஆக, கோயில் என்பதன் நேர்ப்பொருள் அரசன் வீடு.

முதலில் அது அரண்மனை

புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர் ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடியிருக்கிறார். அவருடைய இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்தால் இந்தச் சொல்லின் கதை பாதி விளங்கிவிடும்.

127-ஆம் பாட்டு ஆயின் வீட்டைக் காட்டுகிறது. பாடி வந்த பாணர்களுக்கு அவன் யானைகளையெல்லாம் கொடுத்துவிட்டான். யானை கட்டும் தறிகள் வெறுமையாக நிற்க, அங்கே காட்டு மயில்கள் வந்து தங்குகின்றன. கொடுக்கவே முடியாத அணி ஒன்றைத் தவிர மகளிரிடம் வேறு நகை இல்லை. இப்படிப் பொலிவிழந்து கிடக்கும் அந்த இடத்தைப் புலவர் 'ஆஅய் கோயில்' என்கிறார். இங்கே வழிபாடு என்ற பேச்சே இல்லை. யானைத்தறியும் மனைவிமாரும் உள்ள அரண்மனை இது. தாளித்த சோற்றைத் தாமே உண்டு பிறர்க்குக் கொடாத செல்வர்களின் மாளிகைகளும் பாட்டின் முடிவில் வருகின்றன. அவற்றுக்குப் புலவர் இடும் சொல் 'நகர்'. இதற்குப் பின்னால் வருவோம்.

241-ஆம் பாட்டு ஆய் இறந்தபோது பாடியது. அண்டிரன் வருகிறான் என்று வானத்தில் முரசு முழங்குகிறதாம். எங்கே? 'வச்சிரத் தடக்கை நெடியோன் கோயிலுள்', அதாவது வச்சிரப் படை ஏந்திய இந்திரனின் வீட்டில். யாரும் போய்க் கும்பிடும் இடமாக இது சொல்லப்படவில்லை. வானுலக அரசனின் அரண்மனையாக, விருந்தினனை முரசறைந்து வரவேற்கும் இடமாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவன் தெய்வம்.

ஒரே புலவர், ஒரே வள்ளல், ஒரே சொல். ஒரு பாட்டில் மண்ணரசனின் வீடு, மற்றதில் விண்ணரசனின் வீடு. சொல்லின் பொருள் இரண்டிலும் மாறவில்லை; வீட்டுக்காரர்தான் மாறியிருக்கிறார்.

சிலப்பதிகாரத்திலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. புகார் நகரில் முருகனுக்கும் திருமாலுக்கும் இருந்தவை 'செவ்வேள் கோயில்', 'நெடியோன் கோயில்'. மதுரையில் பாண்டியன் ஊடல் தீர்க்கப் போவது 'கோப்பெருந்தேவி கோயில்' நோக்கி. அது அரசியின் மாளிகை. அம்மன் சன்னதி என்று அதைப் படித்தால் கதையே கெட்டுவிடும்.

எண்ணெய்க்கு நேர்ந்தது போல

சொல் இப்படி இடம் மாறுவது தமிழில் புதிதில்லை. எள் + நெய் = எண்ணெய். முதலில் எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். பிறகு தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. கடைசியில், பெயருக்கு முதல் உரிமை உள்ள எள்ளின் நெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

கோயிலுக்கும் இதுவே நடந்தது. கடவுளை அரசனாகப் பார்த்தவர்கள் கடவுளின் வீட்டையும் கோயில் என்றார்கள். அந்த வழக்கு ஓங்கி வளர, அரசன் வீட்டுக்கு 'அரண்மனை' என்ற சொல் நிலைத்தது. அரண் + மனை, காவல் உள்ள வீடு.

7-ஆம் நூற்றாண்டில் அப்பர், திருக்கோயில் இல்லாத ஊர் ஊரே இல்லை, 'அடவி காடே' என்று பாடும்போது கோயில் என்பது வழிபாட்டிடமாகவே நிற்கிறது. அதற்காகப் பழைய பொருள் அன்றே போய்விடவில்லை. அதற்குச் சான்று தஞ்சாவூரில் கல்லிலேயே இருக்கிறது.

தஞ்சாவூர்க் கல்வெட்டைப் படிக்கும் விதம்

பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் முதலாம் ராஜராஜனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்' கல்லில் வெட்டுக என்று அரசன் ஆணையிடும் கல்வெட்டு இதுதான். அவனுடைய 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள் என்று ஆணையில் குறிப்பு இருக்கிறது. அதாவது 1010-ஐ ஒட்டிய காலம்.

அந்த ஆணையை இட்டபோது அரசன் எங்கே இருந்தான்? 'தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்', திருமஞ்சனசாலையில் இருந்தான் என்கிறது கல்வெட்டு. முதல்முறை படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 'கோயிலுக்குள் உட்கார்ந்து ஆணையிட்டான்' என்று எழுதிவிடுவார்கள். இங்கே கோயில் என்பது தஞ்சாவூர் அரண்மனை. திருமஞ்சனசாலை அரசன் நீராடும் கூடம்.

அப்படியானால், அவன் கட்டிய சிவன் கோயிலுக்கு அதே கல்வெட்டு என்ன பெயர் சொல்கிறது? 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி', அதாவது நாம் கட்டுவித்த கல் கோயில். இன்று நாம் பெரிய கோயில் என்பது அவனுக்குத் திருக்கற்றளி. அவன் கோயில் என்றது இன்று நமக்கு அரண்மனை. அதே கல்வெட்டில் அரசனும் உடையார் (தலைவர்), இறைவனும் ராஜராஜீச்சரம் உடையார்.

கல்வெட்டிலோ பழைய பாட்டிலோ இந்தச் சொல் வந்தால் சுற்றியிருக்கும் சொற்களைப் பாருங்கள். நீராடும் சாலை, மண்டபம் என்று அரசன் இருந்து ஆணையிடும் இடம் வந்தால் அரண்மனை என்று கொள்ளலாம். விளக்கு, அமுதுபடி (இறைவனுக்குப் படைக்கும் உணவுப்பொருள்), தேவதானம் (கோயிலுக்கு விட்ட நிலம்) வந்தால் வழிபாட்டிடம். கோயிலுக்கு முன் யாருடைய பெயர் நிற்கிறது என்பதும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பல கோயில்களுக்கு அரசர் பெயரே இறைவன் பெயராகவும் இருந்தது.

அரசன் வீட்டு ஒழுங்கு

கோயில் என்றால் அரசன் வீடு என்று தெரிந்தபின் அன்றாடக் கோயில் நடைமுறைகள் வேறு விதமாகத் தெரியும். காலையில் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்புகிறார்கள். திருமஞ்சனம் செய்கிறார்கள், ராஜராஜன் அரண்மனையில் நீராடும் கூடத்துக்கு இருந்த அதே சொல். குடையும் சாமரமும் பிடிக்கிறார்கள். திருவிழாவில் தெரு வழியே உலா வருகிறார். இரவில் பள்ளியறைக்குப் போகிறார். மதிலும் வாயிலும் கொடியும் வீட்டின் பகுதிகள்.

தமிழில் ஆட்சிச் சொல்லும் தெய்வச் சொல்லும் பிரியாமல் கிடப்பதும் இதனால்தான். இறைவன் என்றால் கடவுள்; திருக்குறளின் 'இறைமாட்சி' அதிகாரமோ அரசனைப் பற்றியது. இறை என்றால் வரியும்கூட. வரி நீக்கிய நிலம் இறையிலி. பெருமாள் என்பது திருமாலுக்கும் பெயர், சேர அரசர்களுக்கும் பெயர்.

மலையாள நாட்டில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே 'கோவிலகம்' என்றால் அரச குடும்பத்தின் மாளிகை. நிலம்பூர் கோவிலகம் என்று கேட்டதும் அது சாமி கும்பிடும் இடத்தின் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது.

கோயிலா, கோவிலா?

இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்து வைப்பது போல, இரண்டு உயிரொலிகள் அடுத்தடுத்து வரும்போது தமிழ் நடுவில் ஒரு மெய்யை வைக்கும். இதற்கு உடம்படுமெய் என்று பெயர். மணி + அழகு = மணியழகு, பூ + அழகு = பூவழகு. ஒன்றில் ய், மற்றதில் வ்.

எங்கே எது வரும்? 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் தெளிவாக ஒரு விதி தருகிறது. முன்சொல் இ, ஈ, ஐ என்று முடிந்தால் ய். ஏ என்று முடிந்தால் இரண்டில் எதுவும். மற்ற உயிர்களுக்கு வ். 'கோ' ஓகாரத்தில் முடிகிறது, ஆகவே கோவில். 'கோவில்தான் சரி' என்போர் கையிலிருக்கும் ஆதாரம் இதுவே. விதியை அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் மேலே பார்த்த புறநானூறும் சிலப்பதிகாரமும் தேவாரமும் தஞ்சாவூர்க் கல்வெட்டும் நன்னூலுக்கு முந்தியவை. அவற்றில் நாம் படிப்பது கோயில். தொல்காப்பியம் உடம்படுமெய் வரும் என்று மட்டுமே சொல்கிறது. எந்த உயிருக்குப் பின் எந்த மெய் என்று வரையறுக்கவில்லை. தொல்காப்பியப் பாயிரத்தின் 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடை' என்பதைப் பாருங்கள். நன்னூலின் இந்தப் பொது விதிப்படி ஆகாரத்துக்குப் பின் வ் வந்திருக்க வேண்டும், வந்திருப்பதோ ய். செய்யுளில் சுட்டு நீண்டால் ய் வரும் என்று நன்னூலே இதற்குத் தனி விதி வைக்க வேண்டியிருந்தது.

காரணம் வாயில் இருக்கிறது. இகரத்தைச் சொல்ல நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுகிறது. யகரம் பிறப்பதும் அங்கேயே. பின்னால் வரும் 'இல்' என்பதன் இகரம் யகரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நன்னூல் முன்னால் உள்ள உயிரை மட்டும் பார்க்கிறது. பேசுகிற நாக்கு பின்னால் வருவதையும் பார்க்கிறது.

எனவே கோவில் விதிப்படி சரி, கோயில் மரபுப்படி சரி. எதுவும் கொச்சை இல்லை. கோயில் என்றால் கடவுளுக்கு, கோவில் என்றால் அரசனுக்கு என்று சிலர் பிரிப்பதற்கு இலக்கியத்திலும் சான்றில்லை, கல்வெட்டிலும் சான்றில்லை. என்னைக் கேட்டால் கோயில் என்றே எழுதச் சொல்வேன், அதன் வயதுக்காக.

கோயிலுக்கு இருந்த மற்றப் பெயர்கள்

அரசன் வீட்டைக் கோயில் என்று அழைத்த காலத்தில் வழிபாட்டிடத்துக்குத் தனியாகச் சில சொற்கள் இருந்தன.

தளி: வழிபாட்டுக்கான கட்டடம். கல் + தளி = கற்றளி. பெயரில் கல்லைச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்றால், அதற்கு முன் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் குடைவரையில் பெருமையோடு பொறித்துவைத்தான். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பல பழைய கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டினார். கோனேரிராஜபுரம் அவற்றில் ஒன்று.

நகர்: ஆய் பாட்டில் மாளிகை. புறநானூற்றின் 6-ஆம் பாட்டிலோ 'முக்கட் செல்வர் நகர்' என்றால் சிவன் கோயில்; அதை வலம் வரும்போது மட்டும் உன் குடை தாழட்டும் என்கிறார் புலவர். திருமால் கோயிலைக் குறிக்கும் 'விண்ணகரம்' என்ற சொல்லும் உண்டு. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் பழைய பெயர் பரமேச்சுர விண்ணகரம்.

கோட்டம்: புகாரில் சமணர்களுக்கு 'நிக்கந்தக் கோட்டம்' இருந்தது என்கிறது சிலப்பதிகாரம். தொண்டை மண்டலத்தில் கோட்டம் என்பது நாட்டுப் பிரிவும்கூட. கல்வெட்டில் 'இன்ன கோட்டத்து இன்ன ஊர்' என்று வந்தால் அது நிலப்பிரிவு.

ஆலயம்: வடமொழிச் சொல், உறைவிடம் என்று பொருள். இமயமலையை இமாலயம் என்பது பனி உறைவிடம் என்பதால்தான். 'ஆன்மா லயிக்கும் இடம்' பக்திக்கு இனிமையான விளக்கம், சொற்பிறப்பு அப்படி இல்லை. பொருளளவில் ஆலயமும் வீடுதான், 'இல்' போலவே.

பழைய கோயில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள் உதவும். உயரமான மேடைமேல் படியேறிப் போகும்படி கட்டியது மாடக்கோயில். திருப்பணி நடக்கும்போது இறைவனைத் தற்காலிகமாக எழுந்தருளச் செய்யும் சிறு இடம் இளங்கோயில். இன்று பாலாலயம் என்கிறோம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்று. தளி கட்டடத்தைச் சொல்கிறது. கோயில், நகர், ஆலயம் மூன்றும் அங்கே குடியிருப்பவரை வைத்து வந்த பெயர்கள்.

வேறு சமயங்களின் வழிபாட்டிடங்கள்

கோயில் இந்துக்களுக்கு மட்டுமான சொல் என்பதும் தவறு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை 'கோயிலுக்குப் போறோம்' என்றுதான் சொல்கிறார்கள். மாதா கோயில் என்பது ஊர் ஊராக வழங்கும் பெயர். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஆலயப் பணியாளருக்குக் கோயில்பிள்ளை என்று பெயர்.

எழுதுபவர்கள் அதிகம் தவறுவது 'தேவாலயம்' என்ற சொல்லில். தேவ + ஆலயம், கடவுளின் உறைவிடம். வடமொழியில் எந்தத் தெய்வத்தின் இடத்துக்கும் பொருந்தும். இன்றைய தமிழில் அது கிறித்தவ வழிபாட்டிடத்துக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. இது தெரியாத இயந்திர மொழிபெயர்ப்பு 'சிவன் தேவாலயம்', 'புத்தத் தேவாலயம்' என்று எழுதிவைக்கிறது. தமிழ் படிப்பவருக்கு அது உடனே உறுத்தும்.

'பள்ளி' தனிக் கதை. அடிப்பொருள் படுக்கை, தங்குமிடம். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்கள் பள்ளிகள். அவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். அந்தச் சொல்தான் இன்று பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலின் பள்ளியறையிலும் இருக்கிறது. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். தர்கா என்பது இறைநேசர் ஒருவர் அடங்கியிருக்கும் இடம், நாகூர் தர்கா போல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதக் கூடாது.

பெயர் சொல்லாமல் 'கோயில்' என்றால்

வைணவர் அடைமொழி இல்லாமல் 'கோயில்' என்றால் திருவரங்கம். திருவரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும் நூலின் பெயர் கோயிலொழுகு. அவர்களுக்குத் 'திருமலை' திருப்பதி, 'பெருமாள் கோயில்' காஞ்சிபுரம். சைவர் 'கோயில்' என்றால் சிதம்பரம். உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணம் சிதம்பரத்தைப் பற்றியது. ஆகவே சமய நூல்களைப் படிக்கும்போது எழுதியவர் எந்த மரபினர் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

ஒரு கட்டுரையில் கோயில், கோவில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இணையத்தில் தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்திலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதிச் செய்தி கண்ணில் படாது.

ஊர்ப்பெயருக்கு இந்தத் தேர்வு செல்லாது. நாகர்கோவில், சங்கரன்கோவில் என்று வழங்குவதை உங்கள் கட்டுரையின் சீருக்காக மாற்ற வேண்டாம். பன்மைக்குக் கோயில்கள் என்று எழுதினால் போதும். 'கோயிற்கலை' போன்ற தொகைச்சொற்களில் ல் ற்-ஆகத் திரிவது பழைய புணர்ச்சி. அதுவும் சரி, கோயில் கலை என்பதும் சரி.

கோயில் என்று பெயரில் இருப்பதெல்லாம் கோயிலால் வந்த பெயர் என்றும் எண்ணிவிடக் கூடாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திருக்கோயிலூர் என்றும் திருக்கோவிலூர் என்றும் எழுதப்படும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உலகளந்த பெருமாளுக்குப் பெரிய கோயில் இருப்பதால் பெயர்க்காரணம் வெளிப்படையாகத் தெரிவது போல் இருக்கும். புறநானூறு அந்த ஊரைச் சொல்வது கோவலூர் என்று. ஆழ்வார்கள் பாடியதும் திருக்கோவலூர். 'கோவல்' என்பது பிற்காலத்தவர் காதில் 'கோவில்' ஆகிவிட்டது.